ஆயா வைத்த கஞ்சியும் சூரைச்செடியின் அடையும்

வேதபாடம்: 1 இராஜாக்கள் 19:1-8
துணை வாசிப்பு: ஆதியாகமம் 33:12-14, ஏசாயா 40:11, மாற்கு 6:30-32



உபவாசத்தைக் குறித்தும் முழு இரவு ஜெபத்தைக் குறித்தும் நாம் அநேகந்தரம் தியானித்திருக்கிறோம். இந்த மாதம் சாப்பாட்டையும் தூக்கத்தையும் குறித்து ஒரு பாடம். "பாஸ்டர், இதில் ஆவிக்குரிய காரியம் என்ன இருக்கிறது? வயிற்றுக்கும் பாய்க்கும் ஒரு வேதபாடமா?" என்று சிலர் கேட்கலாம். ஒரு காலத்தில் நானும் அப்படித்தான் கேட்டேன். கேட்டதினால் என் வீட்டில் நடந்ததையும் மறைக்காமல் இதில் எழுதுகிறேன். படிக்கிற ஒரு குடும்பத்துக்காவது பிரயோஜனமாயிருந்தால் கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

நான் வேதாகமக் கல்லூரியில் படித்து 2004-ஆம் வருஷம் டிப்ளமா வாங்கினவன். பிரசங்கம் ஆயத்தம் பண்ணுவது எப்படி, வசனத்தைப் பகுப்பது எப்படி என்று அங்கே கற்றுக்கொண்டேன். ஆனால் களைத்துப்போன ஒரு மனுஷனை எப்படி நடத்த வேண்டும் என்று கற்றுக்கொண்டது கையெழுத்துப் போடத் தெரியாத என் ஆயாவிடத்தில்தான். (எங்கள் கடலூர்ப் பக்கத்தில் பாட்டியை ஆயா என்றுதான் கூப்பிடுவோம்.) சிதம்பரத்துக்குக் கிழக்கே, கிள்ளைக்குப் போகிற வழியில் ஒரு சின்ன கிராமம் அவர்கள் ஊர். வாலிப வயது முதல் நடவு, களை, அறுப்பு என்று கூலிக்குப் போன கை. வேதத்தை வாசிக்கத் தெரியாது. காதால் கேட்டே பாதி வேதத்தை மனதில் வைத்திருந்தார்கள். தீமோத்தேயுவுக்கு ஒரு லோவிசாள் பாட்டி இருந்ததுபோல (2 தீமோத்தேயு 1:5) எனக்கு இந்த ஆயா.

எலியாவுக்கு என்ன ஆயிற்று?

பாடப் பகுதியை முதலில் பார்ப்போம். கர்மேல் பர்வதத்தில் அக்கினி இறங்கினது. மழைக்காக ஜெபித்தான், மழையும் வந்தது. ஆகாபின் இரதத்துக்கு முன்னே யெஸ்ரயேல் மட்டும் ஓடினான். அடுத்த அதிகாரத்தில், யேசபேல் ஆள் அனுப்பின ஒரே வார்த்தைக்கு அதே எலியா உயிர் தப்ப ஓடுகிறான். பெயெர்செபாவில் வேலைக்காரனை விட்டுவிட்டு, வனாந்தரத்தில் ஒருநாள் பிரயாணம் போய், ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும் என்று சாவைக் கேட்கிறான்.

இந்த நிலையில் இருக்கிற ஒரு ஊழியக்காரன் நம்மிடத்தில் வந்தால் நாம் என்ன செய்வோம்? "விசுவாசம் எங்கே போச்சு? எழுந்து ஜெபியுங்கள், சத்துருவைக் கடிந்துகொள்ளுங்கள்" என்போம். கர்த்தர் அப்படிச் செய்யவில்லை. அவன் தூங்கினான், தூங்க விட்டார். பின்பு தூதன் தட்டி எழுப்பி, தழலில் சுட்ட அடையையும் தண்ணீரையும் காட்டினான். சாப்பிட்டான், மறுபடியும் படுத்தான். அப்போதும் கடிந்துகொள்ளவில்லை. இரண்டாந்தரமும் தூதன் வந்து சாப்பிடச் சொன்னான். பிரயாணம் தூரமாயிருக்கிறது என்பதுதான் அவன் சொன்ன காரணம். அந்தப் போஜனத்தின் பலத்தினாலே நாற்பது நாள் இரவும் பகலும் நடந்து ஓரேபுக்குப் போனான். "இங்கே உனக்கு என்ன காரியம்?" என்கிற கேள்வியைக் கர்த்தர் ஓரேபில்தான் கேட்கிறார். கேள்விக்கு முன்னே இரண்டு தூக்கம், இரண்டு சாப்பாடு. இந்த வரிசையைக் கவனியுங்கள்.

பாடம் 1: முதலில் படுக்க விடு

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. சுனாமி. எங்கள் கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600-க்கும் மேற்பட்டவர்கள் மரித்தார்கள். தேவனாம்பட்டினம், சிங்காரத்தோப்பு, கிள்ளைக்குப் பக்கத்தில் எம்.ஜி.ஆர். திட்டு என்று ஒவ்வொரு ஊர்ப் பெயரைக் கேட்கும்போதும் இன்றைக்கும் வயிறு கலங்குகிறது.

நான் கல்லூரி முடித்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. வைராக்கியம் நிறைய இருந்தது, அனுபவம் கொஞ்சமும் இல்லை. மூன்றாம் நாள் ஒரு பை நிறைய கைப்பிரதிகளை எடுத்துக்கொண்டு கடலூரிலிருந்து ஆயா ஊருக்குப் போனேன். கரையோரத்து ஜனங்கள் அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தார்கள். "இதுதான் அறுவடை நேரம், இவர்களுக்குச் சுவிசேஷம் சொல்ல வேண்டும்" என்பது என் எண்ணம்.

ஆயாவும் ஊர்ப் பெண்கள் சிலரும் வாசலில் கல்லடுப்பு மூட்டி பெரிய குண்டானில் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். பச்சரிசியும் பாசிப்பயறும் போட்டு, பூண்டு தட்டிப் போட்ட கஞ்சி. என் பையைப் பார்த்தார்கள்.

"என்னாடா தம்பி அது?"

"கைப்பிரதி ஆயா. இவங்களுக்கு வார்த்தை சொல்லலாம்னு."

"அதோ அந்தப் பொம்பளயப் பாரு. மூணு நாளா கண்ண மூடல. புள்ளையக் கடல் கொண்டுபோயிடுச்சி. அவ காதுல இப்ப எது ஏறும்? பைய அந்தத் திண்ணையில வை. பாய் எத்தனை இருக்குன்னு எண்ணு. ஊருக்குள்ள போய் இன்னும் வாங்கிட்டு வா. மொதல்ல கஞ்சி, அப்புறம் பாயி. அழுவுறவங்க அழுவட்டும், தூங்குறவங்கள எழுப்பாத."

எனக்கு உள்ளுக்குள் கோபம்தான். ஆனாலும் ஆயா பேச்சைத் தட்ட முடியாது. வீடு வீடாகப் போய்ப் பாய், போர்வை, பழைய புடவை என்று வாங்கி வந்தேன். அந்த அம்மா இரண்டு மடக்குக் கஞ்சி குடித்துவிட்டு, ஆயாவின் மடியிலேயே சாய்ந்து தூங்கிவிட்டார்கள். ஆயா கால் மரத்துப்போனாலும் அசையவில்லை. நான் கொண்டுபோன கைப்பிரதி ஒன்றும் அன்றைக்கு வெளியே வரவில்லை. ஆனால் அதற்கப்புறம் பல நாள் கழித்து அந்த அம்மாவே தேடி வந்து, "ஏம்மா, நீங்க ராத்திரியில முணுமுணுன்னு யாருகிட்ட பேசிக்கிட்டு இருந்தீங்க?" என்று ஆயாவைக் கேட்டார்கள். "எங்க ஆண்டவர்கிட்ட" என்று ஆயா சொன்னார்கள்.

பிரியமானவர்களே, யவீருவின் மகள் உயிரோடு எழுந்தபோது ஆண்டவர் கொடுத்த கட்டளை என்ன? அவளுக்குச் சாப்பிடக் கொடுங்கள் என்பதே (லூக்கா 8:55). அத்தனை பெரிய அற்புதத்துக்கு அடுத்தது ஒரு வாய்ச் சோறு. திபேரியா கடற்கரையில் இரவெல்லாம் வலை இழுத்துக் களைத்த சீஷர்களுக்குக் கரிநெருப்பும் மீனும் அப்பமும் ஆயத்தமாயிருந்தது. பேதுருவை நேசத்தைக் குறித்துக் கேட்டது அவர்கள் சாப்பிட்ட பின்பு (யோவான் 21:9-15). நாமோ கேள்வியை முதலில் கேட்டுவிட்டு, சாப்பாட்டை மறந்துவிடுகிறோம்.

பாடம் 2: அடையும் தண்ணீரும் போதும்

தூதன் எலியாவுக்கு விருந்து கொண்டுவரவில்லை. சுட்ட அடையும் பாத்திரத்தில் தண்ணீரும்தான். அன்றாடம் ஏழை வீட்டில் கிடைப்பது எதுவோ அதுவே.

சின்ன வயதில் லீவுக்கு ஆயா வீட்டுக்குப் போனால் காலையில் எங்களுக்குக் கிடைப்பது பழைய சோறும் நீராகாரமும்தான். ராத்திரிச் சோற்றில் தண்ணீர் ஊற்றி மண்சட்டியில் மூடி வைப்பார்கள். விடிந்தால் கொஞ்சம் உப்பு, இருந்தால் மோர், கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயம். சித்திரை, வைகாசி வெயிலில் கேழ்வரகுக் கூழ். அதற்குக் கருவாட்டுக் குழம்பு. பட்டணத்துப் பிள்ளையாகிய நான் பன் கேட்டு அழுவேன். "இதக் குடிச்சிட்டுப் போனா மதியம் வரைக்கும் குனிஞ்சி நடவு நடலாம். உன் பன்னத் தின்னுட்டு நாலு நாத்து நட முடியுமாடா?" என்பார்கள்.

ஆயா சொன்னதில் உண்மை இருக்கிறது. ராத்திரி முழுவதும் ஊறும் சோற்றில் வயிற்றுக்கு நன்மை செய்கிற நுண்ணுயிர்கள் பெருகி லேசான புளிப்பு உண்டாகிறது. தானியத்திலுள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்வதும் இதனால் சுலபமாகிறது. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் பழைய சோற்றைக் குறித்து ஆராய்ச்சியே செய்திருக்கிறார்கள். கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து அரிசியைவிடப் பல மடங்கு அதிகம். முருங்கைக்கீரை வேலியிலேயே இருக்கிறது. பலம் தரும் ஆகாரத்தைக் கர்த்தர் ஏழைகளின் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் வைத்திருக்கிறார். அதை விட்டுவிட்டு, பிள்ளைகள் கையில் பத்து ரூபாய்ப் பாக்கெட்டைக் கொடுத்து அனுப்புகிறோம். கடலூர் பஸ் நிலையத்தில் காலையில் ஒரு டீ, இரண்டு பிஸ்கட்டோடு வேலைக்கு ஓடுகிற தாய்மார்களை நான் தினமும் பார்க்கிறேன். வீட்டில் எல்லாருக்கும் ஆக்கிப் போட்டவர்கள் அவர்கள்தான். சட்டியில் மிச்சம் இருந்தால் அவர்களுக்கு, இல்லாவிட்டால் டீ.

ஆயா வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. உலை வைத்தவளுக்கு எடுத்து வைக்காமல் மற்றவர்களுக்குப் பரிமாறக்கூடாது. "ஆக்குறவ பட்டினி கெடந்தா அந்த வீட்டு அடுப்பு நாளைக்கி எரியாது" என்பார்கள்.

பாடம் 3: நிலமும் சாப்பிட வேண்டும்

தை மாதம் சிதம்பரம் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். சம்பா அறுப்புக்கு ஏழு முதல் பத்து நாள் முன்னதாக, கதிர் நிற்கும்போதே அந்த ஈரத்தில் உளுந்தும் பச்சைப்பயறும் விதைத்துவிடுவார்கள். நெல்லை அறுத்த பின் மிஞ்சின ஈரத்திலும் பனியிலுமே அது வளர்ந்து, 65, 70 நாளில் காய்க்கும். பிறகு கோடையில் நிலம் வெடித்துக் கிடக்கும். அப்போது இராமநாதபுரம் பக்கத்துக் கீதாரிகள் ஆடுகளை ஓட்டி வந்து ராத்திரியில் வயலில் கிடை போடுவார்கள். ஆட்டுப் புழுக்கையும் மூத்திரமும் நிலத்துக்கு எரு.

ஒரு கோடையில் நான் கேட்டேன்: "ஏன் ஆயா, இவ்வளவு நிலமும் சும்மா கெடக்குதே?"

"சும்மா கெடக்கலடா. சாப்ட்டுக்கிட்டு இருக்கு."

அந்த வார்த்தையின் ஆழம் எனக்கு லேவியராகமம் 25-ஆம் அதிகாரத்தைப் படிக்கும்போதுதான் புரிந்தது. ஏழாம் வருஷம் நிலத்துக்கு ஓய்வு வேண்டும் என்று கர்த்தர் கட்டளையிட்டார். யாத்திராகமம் 23:12-ல் ஓய்வு எருதுக்கும் கழுதைக்கும், அடிமைப்பெண்ணின் பிள்ளைக்கும், அந்நியனுக்கும் உரியது என்று வாசிக்கிறோம். எஜமான் மட்டும் ஓய்ந்திருந்து வேலைக்காரி உழைத்துக்கொண்டிருந்தால் அது கர்த்தருடைய ஓய்வு அல்ல. உளுந்து வேரிலுள்ள முடிச்சுகள் காற்றிலிருக்கிற தழைச்சத்தைப் பிடித்து மண்ணுக்குச் சேர்க்கின்றன என்று இன்றைக்குப் படித்தவர்கள் சொல்லுகிறார்கள். நமக்கு வெறுமையாய்த் தெரிகிற நாட்களில் நிலம் அடுத்த சம்பாவுக்கு ஆயத்தமாகிறது.

ஓய்வும் போஷிப்பும் ஒரே காரியத்தின் இரண்டு பக்கம். சாப்பிட்டும் தூங்காதவன் உடம்பில் சாப்பாடு ஒட்டாது. தூங்கியும் சாப்பிடாதவன் எழுந்திருக்கமாட்டான். எலியாவுக்கு இரண்டும் கொடுக்கப்பட்டது.

பாடம் 4: கறவலாடுகளைத் துரிதமாய் ஓட்டாதே

இனி எழுதுவது என் குற்றம்.

2008 டிசம்பர் கடைசியில் எங்களுக்கு இரண்டாவது பிள்ளை பிறந்தது. பெண் குழந்தை, 2 கிலோ 800 கிராம். ஜனவரியில் சபையில் 21 நாள் உபவாச ஜெபம். வெளியூர் ஊழியர்கள் வந்து தங்கினார்கள். என் மனைவிக்குப் பிரசவமாகிச் சில நாட்கள்தான் ஆகியிருந்தது. "நீ வர வேண்டாம்" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "போதகர் மனைவியே வராவிட்டால் சபை என்ன சொல்லும்?" என்றுதான் சொன்னேன். அவளும் எதிர்த்துப் பேசுகிறவள் அல்ல. கைக்குழந்தையோடு தினமும் வந்து ஒரு மூலையில் உட்கார்ந்தாள். பகல் முழுவதும் உபவாசம். சாயங்காலம் விருந்தாளிகளுக்குச் சமையல். ராத்திரி பிள்ளை அழுதால் விழிப்பு. பிள்ளை ஓயாமல் அழுதது. பிசாசின் தொந்தரவு என்று நினைத்துக் கை வைத்து ஜெபித்தேன். பிள்ளைக்குப் பசி என்று எனக்குத் தோன்றவே இல்லை.

24-ஆம் நாள் அடுப்படியில் மயங்கி விழுந்தாள். மருத்துவரிடம் கொண்டு போனோம். தாய்க்கு இரத்தம் மிகவும் குறைவு. பிள்ளையின் எடை 2 கிலோ 700. பிறந்த குழந்தைக்கு முதல் சில நாளில் எடை கொஞ்சம் குறைவது வழக்கம். இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிட வேண்டும். எங்கள் பிள்ளை திரும்பவில்லை. மருத்துவர் என்னைப் பார்த்த பார்வையை இன்றும் மறக்கவில்லை.

மறுநாள் காலை ஆயா வந்து நின்றார்கள். கிள்ளையிலிருந்து சிதம்பரம், சிதம்பரத்திலிருந்து கடலூருக்கு 45 கிலோமீட்டருக்கு மேல் பஸ். எழுபத்தைந்து வயதுக்கு மேல். தலையில் ஒரு பை: பூண்டு, சுக்கு, பனைவெல்லம், பால்சுறாக் கருவாடு, ஒரு கட்டு முருங்கைக்கீரை. என் மனைவியைப் படுக்க வைத்து, பிள்ளையைப் பக்கத்தில் போட்டு, அறைக் கதவைச் சாத்தினார்கள். பிறகு என்னிடம் வந்தார்கள்.

"யாருடா பால் குடுக்கிறவள உபவாசம் இருக்கச் சொன்னது?"

நான் வேதம் படித்தவன் அல்லவா, வசனம் சொன்னேன். "யோவேல் 2:16-ல பால் குடிக்கிற பிள்ளைகளையும் கூட்டச் சொல்லியிருக்கு ஆயா."

"கூட்டச் சொல்லியிருக்கு. பட்டினி போடச் சொல்லியிருக்கா?"

என்னிடத்தில் பதில் இல்லை.

அன்று ராத்திரி வாசலில் உட்கார்ந்து ஆயா ஒரு காரியம் சொன்னார்கள். ஆயாவுக்கு ஆறு பிள்ளைகள் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். ஏழு என்று அன்றைக்குத்தான் தெரியும். இரண்டாவது பிள்ளை பிறந்தது நடவு நேரம். வீட்டில் அரிசி இல்லை. பன்னிரண்டாம் நாள் சேற்றில் இறங்கினார்கள். குனிந்து குனிந்து நட்டு, சாயங்காலம் வந்தால் மார்பில் பால் இல்லை. பிள்ளை ஒரு மாதம்கூட இருக்கவில்லை. "எனக்கு வழியில்லாம எறங்குனேன்டா தம்பி. உன் வீட்டுல அரிசி மூட்டை இருக்கு. உனக்கு என்னாடா கேடு?"

பிரியமானவர்களே, அந்தக் கேள்வி எந்தப் பிரசங்கமும் உடைக்காத என்னை உடைத்தது. என் மனைவியிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். மறுநாள் சபையிலும் சொன்னேன்.

பிறகு ஆயா கிடை ஆட்டைப் பற்றிச் சொன்னார்கள். குட்டி போட்ட ஆட்டைக் கீதாரி மந்தையோடு தூரத்துக்கு ஓட்டமாட்டான். குட்டியைக் கையில் தூக்கிக்கொள்வான், இல்லாவிட்டால் பெரிய கூடையால் மூடிக் காவல் வைப்பான். யாக்கோபும் இதையே ஏசாவிடம் சொல்லுகிறான்: கறவையானவைகளை ஒருநாள் துரிதமாய் ஓட்டினாலும் மந்தை செத்துப்போகும், ஆகையால் மெதுவாய் வருகிறேன் என்கிறான் (ஆதியாகமம் 33:13-14). ஏசாயா 40:11-ல் நம் மேய்ப்பரும் கறவலாடுகளை மெதுவாகவே நடத்துகிறவர். பெரிய மேய்ப்பர் மெதுவாய் நடத்துகிறதை, கீழ் மேய்ப்பனாகிய நான் தடி எடுத்து ஓட்டியிருக்கிறேன்.

லேவியராகமம் 12-ல் ஆண் பிள்ளை பெற்றவளுக்கு 40 நாளும், பெண் பிள்ளை பெற்றவளுக்கு 80 நாளும் சொல்லப்பட்டிருக்கிறது. அது சுத்திகரிப்பின் பிரமாணம். நாம் அதற்குக் கீழ்ப்பட்டவர்கள் அல்ல. ஆனாலும் அந்த நாட்களில் அவள் ஆசரிப்புக் கூடாரத்துக்கு வரவேண்டும் என்று ஒருவரும் கட்டாயப்படுத்தியிருக்க முடியாது. அதையும் யோசித்துப் பாருங்கள்.

ஆயா செய்த பத்தியம் இதுதான்: காலையில் பூண்டுக் கஞ்சி, மதியம் சோறும் சுறாப்புட்டும் முருங்கைக்கீரையும், இடையில் சுக்கு வெந்நீர், இரவில் பால். பிள்ளை தூங்கும்போது தாயும் தூங்க வேண்டும். சமையல், துணி எல்லாம் என் வேலை. மருத்துவர் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையையும் ஆயாவே நேரம் தவறாமல் கொடுத்தார்கள். நாற்பது நாள் முடிந்தபோது பிள்ளை மூன்றே கால் கிலோ. அந்தப் பெண் இப்போது என்னைவிட உயரம்.

ஒரு வார்த்தை நேர்மையாய்ச் சொல்ல வேண்டும். பாட்டிமார் சொன்னதெல்லாம் சரியல்ல. அக்காலத்தில் சீம்பாலைப் பிழிந்து கொட்டுவார்கள், பிறந்த பிள்ளைக்குச் சர்க்கரைத் தண்ணீர் கொடுப்பார்கள், பெற்றவளுக்குத் தாகம் எடுத்தாலும் தண்ணீரை மறுப்பார்கள். ஆயாவும் முதல் பிள்ளைகளுக்கு அப்படிச் செய்தவர்கள்தான். ஊருக்கு வந்த நர்ஸம்மா சீம்பால்தான் முதல் மருந்து என்று சொன்ன பிறகு மாற்றிக்கொண்டார்கள். "தெரியாம செஞ்சது தப்பு. தெரிஞ்சும் செஞ்சா பாவம்" என்பார்கள். ஆறு மாதம் வரைக்கும் தாய்ப்பால் மட்டுமே போதும், தண்ணீர்கூட வேண்டாம் என்பது இன்றைய மருத்துவர்களின் ஆலோசனை. பால் கொடுக்கிற தாய்க்கு முதல் ஆறு மாதம் வழக்கத்தைவிட நாளொன்றுக்குச் சுமார் 600 கலோரி கூடுதலாக வேண்டும். அது ஏறக்குறைய ஒரு முழு வேளைச் சாப்பாடு. அந்த வேளையைத்தான் நான் என் மனைவியிடமிருந்து எடுத்துக்கொண்டேன், அதுவும் ஆண்டவர் பெயரில்.

நாம் செய்ய வேண்டியவை

உபவாசம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆண்டவர் உபவாசித்தார், நாமும் உபவாசிக்கிறோம். ஆனால் ஏசாயா 58:6-7-ல் கர்த்தருக்குப் பிரியமான உபவாசம் பசித்தவனுக்கு ஆகாரம் பகிர்ந்துகொடுப்பது. அடுத்தவரைப் பட்டினி போட்டு நாம் உபவாசம் பண்ண முடியாது.

1. கர்ப்பிணிகள், பால் கொடுக்கிற தாய்மார், சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொள்கிறவர்கள், முதியோர், சிறு பிள்ளைகள் ஆகியோரை உபவாசத்துக்குக் கட்டாயப்படுத்தாதிருங்கள். "நீங்கள் சாப்பிட்டு ஜெபியுங்கள்" என்று போதகரே மேடையிலிருந்து சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவர்கள் வெட்கப்பட்டு மறைத்து இருப்பார்கள்.

2. சபையில் ஒரு வீட்டில் பிரசவம் என்றால், பார்க்கப்போகிறவர்கள் வெறுங்கையாய்ப் போய் டீ குடித்து வராமல், ஒரு வேளைச் சாப்பாடு கொண்டுபோங்கள். நாற்பது நாளை நாற்பது வீடு பிரித்துக்கொள்ளலாம். எங்கள் சபைச் சகோதரிகள் இதைச் செய்கிறார்கள்.

3. நம் மாநிலத்தில் ஏழைத் தாய்மாருக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் 1987-ல் தொடங்கப்பட்டது. 2006-ல் 6,000, 2011-ல் 12,000, 2018-ல் 18,000 ரூபாயாக உயர்ந்தது. பிரசவ நேரத்தில் கூலி இழப்பை ஈடுகட்டவும் சத்துணவுக்கும் கொடுக்கப்படுவது அது. கர்ப்பம் தெரிந்தவுடனே கிராம சுகாதார செவிலியரிடம் பதிவு செய்யுங்கள். அந்தப் பணத்தை வீட்டுக் கடனுக்குக் கட்டுகிற புருஷன்மார், அது மனைவியின் தட்டுக்கு உரியது என்பதை நினைவில் வையுங்கள்.

4. முழு இரவு ஜெபத்துக்கு மறுநாள் ஓட்டுநர்களும் கட்டட வேலைக்காரரும் கொஞ்சம் தூங்கிவிட்டே வேலைக்குப் போகும்படி கூட்டத்தை வெள்ளி ராத்திரியில் வைப்பதா, சனி ராத்திரியில் வைப்பதா என்று சபையே யோசிக்கட்டும். சங்கீதம் 127:2-ன்படி நித்திரையும் கர்த்தர் தமக்குப் பிரியமானவனுக்குக் கொடுக்கிற ஈவு.

5. ஊழியக்காரரே, சாப்பிடவும் நேரமில்லாதிருந்த சீஷர்களை ஆண்டவர் வனாந்தரமான இடத்துக்குப் போய் இளைப்பாறச் சொன்னார் (மாற்கு 6:31). வாரத்தில் ஒரு நாள் உங்கள் மனைவி அடுப்புப் பற்றவைக்காதிருக்கும்படி நீங்கள் சமைத்துப் பாருங்கள். நான் செய்கிறேன், சாம்பார் இன்னும் சரியாக வரவில்லை, ஆனாலும் சாப்பிடுகிறார்கள்.

கடைசியாக

ஆயாவின் கடைசி நாட்களில் அவர்களைக் கடலூருக்கே அழைத்து வந்தோம். நகோமியின் மடியில் வளர்ந்த பிள்ளை அவளுடைய முதிர்வயதில் அவளை ஆதரிப்பான் என்று பெண்கள் வாழ்த்தினார்களே (ரூத் 4:15), அந்தச் சிலாக்கியம் எங்களுக்கும் கிடைத்தது. ஆயா கஞ்சி ஊற்றிக் காப்பாற்றின அதே பிள்ளை, பள்ளிக்கூடம் விட்டு வந்து ஆயாவுக்குக் கரண்டியில் கஞ்சி ஊட்டும். நாலு கரண்டி குடித்துவிட்டு, "நீ சாப்ட்டியா?" என்று கேட்பார்கள். "சாப்ட்டேன் ஆயா" என்று சொன்னால்தான் ஐந்தாவது கரண்டிக்கு வாய் திறப்பார்கள்.

ஒரு நாள் மதியம், "போதும், நா கொஞ்சம் தூங்குறேன்" என்று சொல்லிப் படுத்தார்கள். நாங்கள் எழுப்பவில்லை. சாயங்காலம் பார்த்தபோது கர்த்தருக்குள் நித்திரையடைந்திருந்தார்கள். தங்கள் பிரயாசங்களை விட்டொழிந்து இளைப்பாறுகிறவர்களைக் குறித்து வெளிப்படுத்தல் 14:13-ல் வாசிக்கும்போதெல்லாம், சேற்றில் நின்ற அந்தக் கால்கள் என் ஞாபகத்துக்கு வருகிறது.

பிரியமான சகோதரனே, சகோதரியே, உங்கள் வீட்டிலோ சபையிலோ ஒரு சூரைச்செடியின் கீழ் யாராவது படுத்திருக்கிறார்களா? இன்றைக்கு அவர்களைக் கேள்வி கேட்காதிருங்கள். ஒரு பாய் போடுங்கள். ஒரு வாய்க் கஞ்சி கொடுங்கள். தூங்கி எழுந்தால் இரண்டாந்தரமும் கொடுங்கள். அவர்கள் போகவேண்டிய பிரயாணம் தூரம்.

குடும்ப ஜெபத்தில் சிந்திக்க:

1. நம் வீட்டில் கடைசியாய்ச் சாப்பிடுகிறவர் யார்? கடைசியாய்ப் படுக்கிறவர் யார்? இரண்டுக்கும் ஒரே பெயர் வருகிறதா?
2. தூதன் ஏன் எலியாவை இரண்டுதரம் சாப்பிடச் சொன்னான்?
3. இந்த வாரம் நாம் யாருக்கு ஒரு வேளைச் சாப்பாடு கொண்டுபோகலாம்?

மனப்பாட வசனம்: ஏசாயா 40:11. வீட்டில் எல்லாரும் ஒருமித்துச் சொல்லுங்கள்.

ஜெபம்: மெதுவாய் நடத்துகிற நல்ல மேய்ப்பரே, உமது மந்தையில் களைத்தவர்களைக் காணும் கண்களை எங்களுக்குத் தாரும். உமது நாமத்தைச் சொல்லி நாங்கள் ஒருவரையும் துரத்தாதபடி எங்களைக் காத்துக்கொள்ளும். கொடுக்க ஒரு கலயம் கஞ்சியும் விரிக்க ஒரு பாயும் எங்கள் வீட்டில் எப்போதும் இருக்கட்டும். இயேசுவின் மூலம் ஜெபங்கேளும், எங்கள் நல்ல பிதாவே. ஆமென்.